900 மடங்கு வாயுவை 'விழுங்கும்' உலோகம்! கண்டுபிடித்த தாமஸ் கிரஹாம் யார் தெரியுமா?

ஸ்பாஞ்ச் தண்ணீரை உறிஞ்சும், சரி. கெட்டியான உலோகம் வாயுவை உறிஞ்சுமா? உறிஞ்சும் என அளந்து காட்டியவர் தாமஸ் கிரஹாம். பிளஸ் ஒன் வேதியியலில் வரும் அதே 'கிரஹாம் விதி'க்காரர்தான்.

அப்பாவை மீறிய மகன்

1805-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தவர். மகன் பாதிரியார் ஆகணும் என்பது அப்பாவின் ஆசை. மகனுக்கோ வேதியியல் மேல்தான் பித்து. பேச்சைக் கேட்காததால் அப்பா பண உதவியை நிறுத்திவிட்டார். அம்மாவும் சகோதரியும்தான் தாங்கிப் பிடித்தார்கள்.

1830-ல் கிளாஸ்கோவில் பேராசிரியர், 1837-ல் லண்டன். 1855-ல் பிரிட்டனின் நாணயச் சாலைக்கே தலைவரானார். ஒருகாலத்தில் நியூட்டன் வகித்த பதவி அது. இதற்கிடையே 1861-ல் 'டயாலிசிஸ்' என்ற முறையை விளக்கிப் பெயர் வைத்தவரும் இவரே.

பல்லேடியத்தில் நடந்தது என்ன?

1866-ல் பல்லேடியத்தை ஹைட்ரஜனில் சூடாக்கி ஆறவிட்டார். உலோகம் தன் கன அளவைப்போல் பல நூறு மடங்கு வாயுவை உள்ளே இழுத்துக்கொண்டது. அடுத்து, தண்ணீரில் மின்சாரம் செலுத்தும் சோதனையில் பல்லேடியத்தை எதிர்மின்முனையாக வைத்தார். அளவு 900 மடங்கைத் தாண்டியது! பல்லேடியம் கம்பி நீளமானதையும் அளந்தார். சூடாக்கினால் வாயு திரும்ப வெளியே வந்துவிட்டது.

எப்படி உள்ளே போகுது?

உலோகத்தின் மேல்பரப்பில் ஹைட்ரஜன் மூலக்கூறு இரண்டு அணுக்களாகப் பிரியும். அந்தக் குட்டி அணுக்கள் உலோக அணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளிகளில் போய் உட்காரும். தண்ணீரில் சர்க்கரை கரைவது மாதிரி, உலோகத்துக்குள் வாயு கரைகிறது. இதுதான் திண்மக் கரைசல். அளவு கூடினால் அது ஹைட்ரைடாக மாறும்.

கிரஹாம் எங்கே தவறினார்?

ஹைட்ரஜன் என்பதே ஓர் உலோகத்தின் ஆவி என நம்பினார் கிரஹாம். அதற்கு 'ஹைட்ரஜீனியம்' என்று பெயரும் வைத்தார். அந்த விளக்கம் நிலைக்கவில்லை, அளவீடுகள் நிலைத்தன. அதே 1869-ல், 63 வயதில் காலமானார்.

இன்று என்ன பயன்?

ஹைட்ரஜனைச் சுத்தமாகப் பிரித்தெடுக்க மெல்லிய பல்லேடியம் தகடுகள் பயன்படுகின்றன. இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் அது நொறுங்கும் தன்மை பெற்று விரிசல் விடும். ஹைட்ரஜன் எரிபொருளுக்கான குழாய், சிலிண்டர்களுக்கு எந்த உலோகம் என்று பொறியாளர்கள் பார்த்துப் பார்த்துத் தேர்வு செய்வது இதனால்தான்.