கழுதை எஞ்சின் செய்த ஜான் டோல்பியர்

முதல் வருஷ மெக்கானிக்ஸ்ல பெல்ட் ஃப்ரிக்ஷன் படிச்சிருப்பீங்க. தூண்ல கயிறைச் சுத்திட்டு ஒரு முனையை லேசா பிடிச்சா, மறுமுனையில எவ்வளவு பாரம் தாங்கும்னு ஒரு கணக்கு வருமே, அதுதான். பரீட்சை முடிஞ்சதும் நாம மறந்துட்ட அந்தக் கணக்கை வச்சு ஒருத்தர் ஒரு காட்டுத் தொழிலையே மாத்தினார். அவர் பேர் ஜான் டோல்பியர்.

1827-இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் எப்சம் என்ற ஊரில் பிறந்தவர். 1850-இல், தங்கம் தேடி ஊரே கலிஃபோர்னியாவுக்குக் கிளம்பிய கூட்டத்தோடு இவரும் போனார். ஆனால் அவருக்குக் காசு வந்தது மண்ணுக்குள்ளிருந்து அல்ல, மரத்திலிருந்து. ஹம்போல்ட் விரிகுடா ஓரம் யுரேகா நகரில் மர அறுவை ஆலைத் தொழிலில் இறங்கினார். 1860-களில் வில்லியம் கார்சனோடு கூட்டு சேர்ந்தார். டோல்பியர் அண்ட் கார்சன் கம்பெனி பிறந்தது.

அங்கே இருந்தது ரெட்வுட் மரம். உலகத்திலேயே உயரமான மர இனம் அதுதான், 300 அடியைத் தாண்டுவது சாதாரணம். வெட்டிச் சாய்க்கிறது ஒரு பாடுன்னா, சாய்ச்ச மரத்தை அங்கிருந்து நகர்த்துறது அதைவிடப் பெரும்பாடு. அப்போ அந்த வேலை முழுக்க மாடுகளோடது. குறுக்குக் கட்டைகளைப் பதிச்சு ஒரு பாதை போட்டு, அதில் கொழுப்போ எண்ணெயோ தடவி, ஜோடி ஜோடியா மாடு பூட்டி இழுப்பாங்க. மழைக்காலத்தில் சேறு, ஏத்தத்தில் மாடு திணறும், இறக்கத்தில் கட்டை பின்னாலிருந்து மாட்டு மேலேயே பாயும். ஆலையில் நீராவி ரம்பம் ஓடிக்கிட்டிருக்கு, காட்டில் மாடு நடந்துக்கிட்டிருக்கு. இந்த இடைவெளிதான் டோல்பியரை உறுத்தியது.

1881-இல் அவர் செய்த இயந்திரத்தைப் பாத்தா பெருசா ஒண்ணும் தெரியாது. நிமிர்ந்து நிற்கும் ஒரு பாய்லர், ஒத்தை சிலிண்டர், அது சுழற்றும் ஒரு உருளை. எல்லாம் கனமான மரச் சட்டத்து மேல. 150 அடி மணிலாக் கயிறு. கயிற்றின் ஒரு முனை கட்டையில், நடுப்பகுதி உருளையில் சில சுத்து, மறுமுனை ஒரு ஆள் கையில். அவர் தளர்த்தினா கயிறு வழுக்கும், இறுக்கினா கட்டை நகரும்.

இப்போ கணக்குக்கு வாங்க. உராய்வுக் குணகம் 0.3 என்று வைங்க, கயிறு மூணு சுத்து. கோணம் ரேடியனில் 18.85. இரண்டையும் பெருக்கினா 5.65. இ-யை அந்த அடுக்குக்கு உயர்த்தினா சுமார் 285. அதாவது அந்த ஆள் 10 கிலோ விசையில் பிடிச்சா, மறுபக்கம் 2,800 கிலோவுக்கு மேல் இழுக்கும். இதுக்குக் கிளட்ச் வேண்டியதில்லை. ஆனா ஒரு சுத்து நழுவினா நிலைமை என்னன்னும் இதே கணக்கே சொல்லிடும்.

1882 ஏப்ரலில் காப்புரிமை கிடைத்தது. பெயர் மட்டும் கழுதை எஞ்சின்! கப்பலில் சில்லறை வேலைக்கு வைத்திருந்த சின்ன எஞ்சினை மாலுமிகள் அப்படித்தான் கூப்பிடுவாங்க. இடம் மாத்த வண்டியும் வேண்டாம்: கயிறை எதிரே இருக்கிற மரத்தில் கட்டினா, தன்னைத் தானே இழுத்துக்கிட்டுப் போகும். இதுல எனக்குப் பிடிச்ச வேடிக்கை ஒண்ணு: கட்டையை இழுத்து முடிச்ச கயிறைத் திரும்பக் காட்டுக்குள்ள கொண்டுபோக ஒரு குதிரை வேண்டியிருந்தது. பிறகு இரும்புக் கம்பி வடமும், அதைச் சுருட்டும் டிரம்மும், திரும்ப இழுக்கத் தனி வடமும் வந்த பிறகுதான் குதிரைக்கு ஓய்வு கிடைத்தது.

டோல்பியர் 1902-இல் இறந்தார், செல்வந்தராக. அவர் காலத்துக்குப் பிறகு எஞ்சின்கள் பெருத்தன, வடங்கள் நீண்டன. தரையில் உரசி வந்த கட்டைகள் மண்ணைக் கீறின, வழியில் நின்ற இளங்கன்றுகளையும் சாய்த்தன. அறுந்த வடம் சாட்டை மாதிரி வீசியதில் மனுஷங்களும் செத்தாங்க. பழைய ரெட்வுட் காட்டில் இன்னைக்கு மிச்சம் சுமார் 5 சதவீதம்தான். இதுக்கெல்லாம் அவரை மட்டும் குற்றவாளி ஆக்குறது சரியில்லை, கோடாரி அவருக்கு முன்னாடியே அங்கே இருந்தது. ஆனா மாட்டு வேகத்தில் போயிருந்தா இவ்வளவு சீக்கிரம் அழிஞ்சிருக்காது என்பதையும் மறைக்க முடியாது.

வன எஞ்சினியரிங்கில் இன்று நடக்கிற ஆராய்ச்சியைப் பாத்தா, பாதி அவர் விட்டுப்போன சிக்கலுக்கான பதில்தான். கட்டையை உரசாமல் அந்தரத்தில் தூக்கி வர, உயரத்தில் வடம் கட்டி அதில் ஓடும் கேரியேஜ். எந்த இடத்தில் தாங்குமரம் வைக்கலாம்னு லைடார் அளவீட்டை வச்சு முடிவு பண்ணும் மென்பொருள். வடத்தின் இழுவிசையை நொடிக்கு நொடி காட்டும் சென்சார். எஃகுக்குப் பதிலா எடை குறைந்த செயற்கை இழைக் கயிறு. நியூசிலாந்தில் செங்குத்துச் சரிவில் ஆளே இறங்க வேண்டாத மாதிரி, வடத்தில் கட்டிய இயந்திரங்களை இறக்குறாங்க.

கார்சன் கட்டிய மாளிகை யுரேகாவில் இன்னும் நிக்குது. சுற்றுலாப் பயணிகள் எல்லாம் அதைத்தான் படம் பிடிக்கிறாங்க. டோல்பியரின் கழுதை எஞ்சினைப் பாக்கணும்னா அதே ஊர்ல ஃபோர்ட் ஹம்போல்ட் பூங்காவுக்குப் போகணும்.