ஈழக் கரைக்குக் காத்திருந்த ஜோசப் வாஸ் அடிகளார்

ஒலுவில் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவரருகே நின்று கடலைப் பார்க்கும் எவருக்கும் அத்துறைமுகத்தின் கதை நினைவுக்கு வராமற் போகாது. டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட அத்துறைமுகத்தின் வாயிலை மணல் மூடியது. படகுகள் உட்புக முடியாமல் மீனவர் தவித்தனர். மறுபுறத்தில் ஒலுவில், நிந்தவூர்க் கரைகளைக் கடல் அரித்துத் தென்னைகளையும் காணிகளையும் விழுங்கியது. அந்நாட்களில் இதனை இறைவனின் நாட்டம் என்று பொறுத்துக்கொண்டோரும் உண்டு. மனிதர் கல்லைக் கொண்டு கடலின் மணலோட்டத்தை மறித்ததால் வந்த வினை என்று சினந்தோரும் உண்டு. எது இறைவன் அடைத்த வழி, எது மனிதன் தன் பிழையால் அடைத்துக்கொண்ட வழி என்று பிரித்தறிவது கரையோர மக்களுக்கு ஏட்டளவிலான கேள்வியன்று. தொழில், திருமணம், வெளிநாட்டுப் பயணம், காணி விற்பனை என்று அன்றாடம் எழும் ஒவ்வொரு முடிவிலும் அது எதிர்ப்படுகின்றது.

முஸ்லிம் வாசகர்கள் இதற்கான நெறியை நன்கறிவர். இரண்டு ரக்அத் தொழுது, நன்மையானதைத் தெரிவு செய்து தருமாறு இறைவனிடம் வேண்டுவது இஸ்திகாரா. அறிந்தோரிடம் கலந்தாலோசிப்பது மஷூரா. கனவு கண்டால்தான் விடை கிடைத்ததாகும் என்ற எண்ணம் பொதுமக்களிடையே பரவியிருப்பினும் மார்க்க அறிஞர்கள் அதனை நிபந்தனையாகக் கொள்வதில்லை. கிறிஸ்தவ வாழ்விலும் இதே தேட்டம் உண்டு. அங்கும் அடையாளங்களைத் துரத்துவோர் இருக்கின்றனர்; ஜெபம், ஆலோசனை, பொறுமை ஆகியவற்றைக் கைக்கொள்வோரும் இருக்கின்றனர். இரண்டாம் வகையினருக்கு இலங்கை வரலாற்றில் ஒரு முன்னோடியைக் காட்டுவதாயின் ஜோசப் வாஸ் அடிகளாரையே காட்டவேண்டும். 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் வைத்து அவரைப் புனிதராகப் பிரகடனம் செய்தார். இலங்கைக்கென முதன்முதலில் அறிவிக்கப்பட்ட புனிதர் அவரே.

அடிகளார் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி கோவாவின் பெனாவுலிம் கிராமத்தில் பிறந்தார். கொங்கணி மொழி பேசும் கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. தந்தையின் ஊரான சங்கோலேயில் தொடக்கக் கல்வி பெற்று, இயேசு சபையினரின் புனித பவுல் கல்லூரியிலும் பின்னர் தொமினிக்க சபையினரின் கல்விக்கூடத்திலும் பயின்று, 1676ஆம் ஆண்டு குருவானவரானார். குருப்பட்டம் பெற்றதும் காலணியைத் துறந்து ஏழைகளைப் போல் வெறுங்காலுடன் நடக்கத் தொடங்கினார் என்பர். மறுவருடம் ஓகஸ்ட் மாதம் மரியன்னைக்குத் தன்னை அடிமையாக்கிச் சாசனம் ஒன்றை எழுதி வைத்தார். மரியம் அன்னையைப் போற்றும் முஸ்லிம் வாசகர்களுக்கு அந்தப் பற்று முற்றிலும் புதிதாகத் தோன்றாது. எனினும் அடிமைச் சாசனம் என்பது கத்தோலிக்கருக்கே உரிய பக்தி மரபு.

அக்காலத்தில் இலங்கையின் கரையோரங்கள் ஒல்லாந்தர் வசம் இருந்தன. 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்ததோடு போர்த்துக்கேயர் ஆட்சி இங்கு முடிவுற்றது. போர்த்துக்கேயரின் மதம் என்பதனால் கத்தோலிக்க மதத்தை ஒல்லாந்தர் அரசியல் ஆபத்தாகக் கண்டனர். குருமார் வெளியேற்றப்பட்டனர். மறைந்து வரும் குருவுக்கு இடங்கொடுப்போருக்குக் கடுந்தண்டனை விதிக்கப்பட்டது. ஞானஸ்நானமும் பூசையும் இன்றி ஒரு தலைமுறையே வளர்ந்தது. இதே ஒல்லாந்தர் முஸ்லிம்களின் வணிகத்தையும் நெருக்கி, அவர்கள்மீது ஊழியக் கடமையையும் சுமத்தினர் என்பதை இப்பகுதி மக்கள் மறந்திருக்கமாட்டார்கள்.

இலங்கைக் கத்தோலிக்கரின் நிலை கோவாவை எட்டியபோது அங்கு செல்லவேண்டும் என்ற வேட்கை இளங்குருவின் உள்ளத்தில் மூண்டது. வேட்கை தூயது, தேவையோ கண்கூடானது. வேறொருவராயின் இதுவே இறை அழைப்பு என்று கருதிக் கப்பலேறியிருப்பார். அடிகளார் தம் ஆவலை மேலாளர்களிடம் சமர்ப்பித்தார். அவர்களோ அவரை 1681இல் தெற்கேயுள்ள கனரா நாட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கேட்டது இலங்கை. கிடைத்தது மங்களூர்க் கரை.

அங்கே நிலைமை சிக்கலாக இருந்தது. போர்த்துக்கல் மன்னரின் உரிமையின் கீழ் இயங்கிய குருமாருக்கும் ரோமாபுரி நேரடியாக நியமித்த ஆயருக்குமிடையே அதிகாரப் பிணக்கு மூண்டிருந்தது. எந்தக் குருவிடம் போவது என்று தெரியாமல் எளிய மக்கள் இரு பக்கமும் இழுபட்டனர். போர்த்துக்கல் தரப்பினரால் அனுப்பப்பட்டவராக இருந்தும் அடிகளார் பிணக்கை வளர்க்கவில்லை. ஆயரிடம் பணிவாக நடந்து, மக்கள் அருட்சாதனங்களை இழந்துவிடாதபடி பார்த்துக்கொண்டார். அடிமைகளாக விற்கப்பட்ட கிறிஸ்தவர்களை மீட்கவும் முயன்றார். மூன்று ஆண்டுகள் இவ்வாறு கழிந்தன. இலங்கைக்குப் போக விரும்பியவருக்கு அவை வீணான ஆண்டுகள் போலத் தோன்றக்கூடும். ஆனால் தலைமறைவாக இயங்குவதற்கும், பகைமை சூழ்ந்த இடத்தில் வாயடக்கிப் பணியாற்றுவதற்குமான பயிற்சி அங்கேதான் கிடைத்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1684இல் கோவா திரும்பியவர் உடனே இலங்கைக்குப் புறப்படவில்லை. பழைய கோவாவில் அற்புதச் சிலுவை ஆலயத்தில் சுதேசிக் குருமார் சிலர் ஒன்றுகூடிச் செபத்திலும் தவத்திலும் வாழ்ந்து வந்தனர். 1685ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி அவர் அக்கூட்டத்திற் சேர்ந்தார். இதுவே பின்னர் புனித பிலிப்பு நேரியின் ஒழுங்கைத் தழுவிய ஒறற்றோரியன் சபையாக வளர்ந்தது. சேர்ந்த சிறிது காலத்திலேயே அவரைத் தலைவராகவும் தெரிவு செய்தனர். இங்குதான் அவருடைய தெளிவு புலப்படுகின்றது. ஒற்றை ஆளாகச் சென்று இறந்தால் பணியும் அவரோடு இறந்துவிடும். ஒரு சபை பின்னால் நின்றால் ஒருவர் விழுந்த இடத்தில் மற்றொருவர் எழுவார். வேட்கை தன்னுடையதா, இறைவனுடையதா என்று சோதிக்க அவர் கண்ட வழி, அதனைத் தன்னிடமிருந்து பிரித்துப் பலருடைய பொறுப்பாக்குவது. தன்னலத்தில் பிறந்த ஆசை இத்தகைய சோதனையைத் தாங்குவதில்லை.

1686இல் தலைமைப் பொறுப்பை விட்டுவிட்டுப் புறப்பட்டார். ஜான் என்னும் பணியாள் ஒருவரே இறுதிவரை உடன் வந்தார். மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடியை அடைந்து, கூலியாளின் கோலம் பூண்டு, 1687ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறையொட்டிக் கடலேறினார். யாழ்ப்பாணத்தை வந்தடைந்தபோது அவரை வரவேற்றது வயிற்றுளைச்சல் நோய். தங்க இடமின்றி, மொழி தெரிந்தவர் துணையுமின்றி ஒரு குடிசையிற் கிடந்தார். அவருக்குக் கஞ்சி கொடுத்துக் காப்பாற்றியோர் அவர் யாரென்று அறியாதவர்கள். பத்தாண்டுக்கு மேற்பட்ட காத்திருப்பின் பின் கிட்டிய முதற்பலன் இதுதான். அடையாளங்களைக் கணக்கிடுபவராக இருந்திருந்தால், இறைவன் இப்பயணத்தை விரும்பவில்லை என்ற முடிவுக்கு வர இதைவிட வேறென்ன வேண்டும்? அவர் அம்முடிவுக்கு வரவில்லை. உடல் தேறியதும் கழுத்தில் செபமாலையை அணிந்துகொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்கத் தொடங்கினார். செபமாலையைக் கண்டு யாருடைய முகம் மாறுகின்றதோ அந்த வீட்டில் கத்தோலிக்கர் இருக்கின்றனர் என்று அறிந்துகொண்டார். இவ்வாறே சில்லாலை மக்களோடு தொடர்பு ஏற்பட்டது. அவ்வூரைத் தளமாகக் கொண்டு இரவில் பூசையும் பகலில் தலைமறைவுமாக ஏறத்தாழ இரண்டாண்டுகள் பணியாற்றினார்.

1689ஆம் ஆண்டு நத்தார்க் காலத்தில் ஒல்லாந்தப் படையினர் வழிபாட்டுக்குக் கூடியிருந்தோரை வளைத்துப் பிடித்தனர். பலர் சிறைப்பட்டனர், கசையடி பட்டனர். அடிகளார் தப்பினார். தம்மைக் காத்த மக்கள் துன்புறும்போது தாம் தப்பியது அவருக்கு எவ்வளவு பாரமாக இருந்திருக்கும் என்பதை வாசகர் ஊகிக்கலாம். தாம் அங்கு நின்றால் அவர்களுக்கு மேலும் ஆபத்து என்பதால் 1690இல் கண்டி மன்னரின் ஆட்சிக்குட்பட்ட புத்தளத்துக்குச் சென்றார்.

கண்டி இராச்சியம் என்றதும் இக்கரையோர முஸ்லிம்களின் பழைய வரலாறு ஒன்று நினைவுக்கு வருகின்றது. போர்த்துக்கேயர் தம் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை 1626ஆம் ஆண்டளவில் வெளியேற்றியபோது, கண்டியரசன் செனரத் அவர்களுள் சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியமர்த்தினான் என்று வரலாறு கூறும். போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களுக்குப் புகலிடம் தந்த அதே அரசு, இரு தலைமுறைக்குப் பின் ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்கருக்கும் புகலிடமாயிற்று.

ஆனால் புகலிடம் உடனே கிட்டிவிடவில்லை. 1692இல் அடிகளார் கண்டித் தலைநகரை நெருங்கியபோது, அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்த லெனரோல் என்னும் பிரெஞ்சுக் கல்வினியர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றர் என்று மன்னரிடம் கூறினார். மன்னர் இரண்டாம் விமலதர்மசூரியன் அவரைக் காவலில் வைத்தான். அக்காவற் காலத்தை அடிகளார் சிங்களம் கற்பதில் செலவிட்டார். பின்னர் கட்டுப்பாடு தளர்ந்து, சிறு ஆலயம் ஒன்றை அமைக்கவும் அவருக்கு வாய்த்தது. தப்பிச் செல்ல வழி தேடினார் என்ற செய்தியே இல்லை. காவலாளரின் கெடுபிடிக்குள்ளும் செய்யக்கூடிய வேலை எது என்பதையே பார்த்தார்.

அடிகளார் வரலாற்றில் மக்கள் அதிகம் பேசுவது மழை அற்புதத்தைப் பற்றி. கடும் வரட்சியில் மன்னர் கேட்டுக்கொண்டதன்பேரில் அவர் வெளியிற் பீடம் அமைத்து மன்றாடினார் என்றும், பெருமழை பொழிந்தும் அவரும் பீடமும் நனையவில்லை என்றும் மரபு கூறுகின்றது. மழை வேண்டித் தொழும் வழக்கமுள்ள முஸ்லிம் மக்கள் இதனை வியப்போடு கேட்பர். மன்னரின் மதிப்பு அவர்மீது உயர்ந்ததற்கு இந்நிகழ்ச்சியையே காரணமாகக் கூறுவர். எனினும் இக்கட்டுரைக்கு மழை முக்கியமன்று. மழைக்கு முன்பும் பின்பும் அவர் செய்த வேலை ஒன்றே.

அவ்வேலை எத்தகையது என்பதை 1697ஆம் ஆண்டு காட்டிற்று. கண்டியில் பெரியம்மை பரவியது. மன்னரும் செல்வரும் நகரை விட்டகன்றனர். நோயாளிகள் வீடுகளிலிருந்து காட்டோரம் கொண்டு போய் விடப்பட்டனர். கோவாவிலிருந்து அதற்குச் சற்று முன்னர் உதவிக்கு வந்திருந்த அவருடைய மருமகன் ஜோசப் கர்வாலோ அடிகளாரும் அவரும் வெளியேறவில்லை. கைவிடப்பட்ட வீடுகளை மருத்துவமனையாக்கி, புண்களைக் கழுவி, கஞ்சி ஊட்டி, இறந்தோரைப் புதைத்தனர். பௌத்தர், கிறிஸ்தவர் என்ற வேற்றுமை பார்க்கப்படவில்லை. கொள்ளை நோய் பரவிய ஊரிலிருப்போர் அங்கிருந்து ஓடக்கூடாது என்ற நபிமொழியின் நெறியை அறிந்த வாசகர் இதனைத் தம் மரபோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இறை வழிகாட்டலைத் தேடி அவர் அந்நாட்களில் நெடுநேரம் தயங்கியதாக எந்த வரலாறும் கூறவில்லை. இலங்கைக்கு வரலாமா என்பதற்கு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர், நோயாளியின் முன் காத்திருக்கவில்லை. காத்திருக்க வேண்டிய கேள்வி எது, காத்திருக்கக் கூடாத கேள்வி எது என்ற பகுத்தறிவு அவரிடம் இருந்தது. இதுவே அவருடைய வாழ்வில் நாம் தேடும் பொருள் என்று கருதுகின்றோம்.

அதன்பின் அவருக்கு நாடெங்கும் செல்லும் சுதந்திரம் மன்னரால் அளிக்கப்பட்டது. கோவாவிலிருந்து மேலும் குருமார் வந்தனர். சபை பின்னால் நிற்கவேண்டும் என்ற அவருடைய பழைய கணக்கு பொய்க்கவில்லை. 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றிப் பெயர் பெற்றார். ஜோசப் வாஸ் அடிகளாரின் பயணங்கள் கிழக்கே திருகோணமலை, மட்டக்களப்பு வரை நீண்டன. அவ்விரு கோட்டைகளும் அக்காலத்தில் ஒல்லாந்தர் கையிலிருந்தன. ஆகவே கிழக்குக் கரைப் பயணங்கள் ஒவ்வொன்றும் உயிரைப் பணயம் வைத்தவையே. வீதியும் வாகனமும் இல்லாத காலத்தில் காட்டையும் ஆற்றையும் வெறுங்காலால் கடந்து, சில குடும்பங்களே உள்ள ஊருக்கும் அவர் சென்றார்.

ஆயர் பதவியை ஏற்குமாறு பின்னாளில் அவரிடம் கேட்கப்பட்டது. மறுத்துவிட்டார். உயர்ந்த பதவி தேடி வருவதை இறைவனின் அழைப்பு என்று எளிதாக நம்பிவிடும் உலகில் இம்மறுப்பு கவனத்திற்குரியது. தம் ஆவலை மேலாளரிடம் ஒப்படைத்தவர், தம்மீது சுமத்த வந்த பெருமையையும் ஐயத்தோடே பார்த்தார்.

உடல் நலிந்து பயணம் இயலாமற் போனபின் கண்டியில் தங்கினார். மன்னர் 1707இல் இறந்தபின் அரியணையேறிய நரேந்திரசிங்கனும் அவரை மதித்தான். 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி, தமது அறுபதாவது வயதில், இருபத்து நான்கு ஆண்டுகால இலங்கைப் பணியின் பின் அடிகளார் காலமானார். கண்டியிலேயே அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் அரசின் போக்கு மாறி, அங்கிருந்த ஆலயமும் அழிந்தது. 1995ஆம் ஆண்டு ஜனவரி 21ஆந் திகதி பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலிமுகத்திடலில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தபோதும், இருபது ஆண்டுகளின் பின் அதே திடலில் புனிதராக அறிவிக்கப்பட்டபோதும், பீடத்தில் வைத்து வணங்க அவருடைய கல்லறையிலிருந்து எடுத்த எலும்பு ஒன்றும் இருக்கவில்லை. கண்டியில் அவர் புதைக்கப்பட்ட இடம் எதுவென்று இன்றுவரை கண்டறியப்படவில்லை.