கண்ணாடி வீட்டு அம்மையார்

இக்காலத்துக் காமிராக்கள் கூர்மை மிக்கவை. முகத்தின் சுருக்கம், மயிரிழை, தோலின் நுண்துளை எதையும் அவை விட்டுவைப்பதில்லை. சில வேளைகளில் அந்தக் கூர்மையே கண்ணை உறுத்துகிறது. எனவே, பழைய பிலிம் படங்களின் மென்மையை நாடுவோர் டிப்யூஷன் பில்டர் என்னும் கண்ணாடியை லென்ஸின் முன்னே மாட்டிக்கொள்கின்றனர். அதன் வழியே வரும் ஒளியில் பெரும்பகுதி நேரே சென்று உருவத்தைத் தெளிவாக வரைகிறது. ஒரு சிறு பகுதி மட்டும் சிதறி, ஒளி மிகுந்த இடங்களைச் சுற்றி நிலவின் பரிவேடம்போல் படர்கிறது. நிழலின் கருமையும் சற்றுக் குறைகிறது. மெல்லிய பட்டுக் காலுறையை லென்ஸின்மேல் இழுத்துக் கட்டியும், கண்ணாடியில் வாசலைன் தடவியும் இதே பயனைப் பெற்றவர்களும் உண்டு.

மென்மை இவ்வாறு கடையில் வாங்கும் பொருளாவதற்கு நெடுங்காலம் முன்பே, அதன் பொருட்டு ஏளனத்துக்கு ஆளாகியும் அதை விட்டுக்கொடுக்காத பெண்மணி ஒருவர் இருந்தார். அவர்தாம் ஜூலியா மார்கரெட் கேமரன்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள அதிகாரி. தாயார் பிரெஞ்சு வழியினர். இளமைக் கல்வி பெரும்பாலும் பிரான்சில் கழிந்தது. உடல்நலம் தேறுவதற்காகத் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இருவருடைய நட்பு அவருக்குக் கிடைத்தது. ஒருவர் புகழ்பெற்ற வானநூல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சார்லஸ் ஹே கேமரன் என்னும் சட்ட அறிஞர். இலங்கையின் ஆட்சி முறையையும் நீதி முறையையும் திருத்தியமைக்க வழிகூறிய கோல்புரூக்–கேமரன் குழுவில் இடம்பெற்றவர் இவரே. தம்மைவிட இருபது வயது மூத்த அவரை ஜூலியா 1838இல் கல்கத்தாவில் மணந்தார். கணவர் 1848இல் பணி ஓய்வு பெற்றதும் குடும்பம் இங்கிலாந்து சென்றது.

1860இல் அவர்கள் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டரில் குடியேறினார்கள். கவிஞர் டென்னிசன் அண்டை வீட்டுக்காரர். இலங்கையில் தங்களுக்கிருந்த தோட்டத்தை நினைவூட்டும் வகையில் வீட்டுக்கு டிம்போலா என்று பெயரிட்டார்கள். பிள்ளைகள் வளர்ந்துவிட்டனர், கணவரோ தோட்டங்களைப் பார்வையிட இலங்கை சென்றிருந்தார். தாயின் தனிமைக்குத் துணையாக இருக்கட்டுமென்று, 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு காமிராவைப் பரிசளித்தார்கள். அப்போது அம்மையாருக்கு வயது 48.

விளையாட்டாக வந்த பொருள் வாழ்வின் வேள்வியாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாக மாறியது. கோழிகளை விடுவித்துக் கோழிக்கூட்டைக் கண்ணாடி வீடாக்கினார். அக்காலத்து முறை எளிதன்று. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்த்து, ஈரம் உலருமுன்பே படமும் எடுத்துக் கழுவியும் விடவேண்டும். அதில் கையும் உடையும் கறைபடும். கற்றுக்கொடுக்க ஆசிரியரும் இல்லை. ஆயினும் 1864 ஜனவரியிலேயே ஆனி என்னும் சிறுமியின் படம் அவர் விரும்பியவண்ணம் அமைந்தது.

அவர் படங்களின் மென்மைக்குக் காரணம் எந்தப் பில்டரும் அன்று. பெரிய தகடு, அகலத் திறந்த லென்ஸ், முகத்தை நெருங்கிய பார்வை ஆகியவை சேர்ந்தால், கூர்மையாக விழும் பரப்பு மிகவும் சுருங்கிவிடும். கண் தெளிந்திருக்கும்போதே காது மங்கிவிடும். பல நிமிடங்கள் அசையாது அமர்ந்தாலும் மூச்சு விடாதிருக்க மனிதரால் முடியுமா? அந்தச் சிறு அசைவும் படத்தில் பதிந்தது. லென்ஸைத் திருகிக்கொண்டே வருபவர் கூர்மையின் எல்லைவரை செல்வது வழக்கம். அம்மையாரோ உருவம் அழகுற்றதென்று தமக்குத் தோன்றிய இடத்திலேயே கையை நிறுத்திக்கொண்டார். அவர் கலையின் உயிர்நிலை இதுவே.

இதைத்தான் புகைப்பட வல்லுநர்கள் பொறுக்கவில்லை. காமிராவைச் சரியாகத் திருகத் தெரியாத பெண் என்று அவர்கள் எழுதினார்கள். தகடுகளில் கீறலும் கறையும் விரல் அடையாளமும் இருக்கின்றன என்றார்கள். கறையைப் பற்றிய குறையில் நியாயம் உண்டு; கைத்திறனில் அவர் நிறைவு பெற்றவர் அல்லர். முதலில் மங்கல் தற்செயலாகவே நேர்ந்ததென்பதை அவரே மறைக்கவில்லை. ஆனால் தற்செயலாக வந்ததை அறிந்தே ஏற்றுக்கொண்டபின் அது பிழையாகாது. எது முறையான கூர்மை என்று விதிக்கும் உரிமை யாருக்கு உண்டு என ஹெர்ஷலுக்கு எழுதிய கடிதத்தில் அவர் வினவினார். அவ்வினாவுக்கு அவர் படங்களே விடை கூறின.

1867இல் எடுத்த ஹெர்ஷலின் படத்தைப் பாருங்கள். இருளிலிருந்து முதியவரின் முகமும், ஒளி பட்ட வெண்முடியும் எழுகின்றன. கார்லைல், டார்வின், டென்னிசன் ஆகியோரும் அக்காமிராவின் முன் அமர்ந்தனர். தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865இல் அவர் படங்களை வாங்கிக் காட்சிக்கு வைத்தது. 1868இல் அவர் பணிசெய்ய இரண்டு அறைகளையே ஒதுக்கித் தந்தது. 1866இல் பெர்லின் கண்காட்சியில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

அறிஞர்கள் மட்டுமா? வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னி மரியாளாக அப்படங்களில் விளங்கினார். அம்மையார் எடுத்து வளர்த்த ஏழை அயர்லாந்துப் பெண் மேரி ரயனின் படத்தைக் கண்காட்சியில் கண்டு உள்ளம் பறிகொடுத்த இளைஞர் ஹென்றி காட்டன், 1867இல் அவரை மணந்தார். அதே காட்டன்தான் 1904இல் பம்பாயில் கூடிய இந்திய தேசியக் காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர்.

புகழ் வந்த அளவுக்குப் பொருள் வரவில்லை. 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைநோய் காப்பித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தது. 1875இல் தம்பதியர் எல்லாவற்றையும் விட்டு இலங்கைக்கே சென்றனர். அங்கும் அம்மையார் காமிராவை எடுத்தார். ஆயினும் அக்காலத்துப் படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே நமக்குக் கிடைத்துள்ளன. களுத்துறைக் குடியானவர்களும் தோட்டத் தொழிலாளர்களும் அவற்றில் நிற்கிறார்கள். அவர்களுள் பலர் தென்னாட்டிலிருந்து கடல் கடந்து சென்ற தமிழர் என்று கருதப்படுகிறது.

இங்கே நாம் சற்று நின்று எண்ண வேண்டும். டார்வினின் முகத்துக்குக் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது அக்காமிரா இவர்களுக்கும் காட்டியது. ஆனால் டார்வினுக்குப் பெயர் உண்டு. பணிப்பெண் மேரிக்கும் பெயர் உண்டு. இவர்கள் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை. கூர்மை குறைந்ததால் அவர்கள் நமக்கு மறைந்துபோகவில்லை. படத்தின் அடியில் ஒரு வரி எழுதப்படாததால் மறைந்துபோனார்கள்.

1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் அம்மையார் காலமானார். பொகவந்தலாவை மாதா கோயில் கல்லறையில் அவர் துயில்கிறார். மறு ஆண்டில் கணவரும் அவருக்கருகே அடக்கம் செய்யப்பட்டார். 1913இல் ஸ்டீக்லிட்ஸ் தம் புகழ்மிக்க இதழில் அம்மையாரின் படங்களை வெளியிட்டார். 1926இல் அவருடைய தங்கை வழிப் பேர்த்தியான எழுத்தாளர் வர்ஜீனியா உல்ப் அவற்றைத் தொகுத்த நூலுக்கு முன்னுரை எழுதினார். பிழையென்று இகழப்பட்டதைப் பின்வந்தோர் கலையென்று போற்றினர்.

இன்று சில நூறு ரூபாய்க்கும் மென்மை கிடைக்கிறது. ஆனால் லென்ஸைத் திருகும் கை எங்கே நிற்கவேண்டும் என்பதை எந்தக் கண்ணாடியும் சொல்லித்தராது. எதைத் தெளிவாகக் காட்டுவது, எதை மங்கவிடுவது, யாருடைய பெயரை மறவாமல் குறித்துவைப்பது ஆகியவற்றை முடிவு செய்வது காமிராவுக்குப் பின்னே நிற்கும் மனமே. காமிரா ஏந்தும் நண்பர்கள் இதை நினைவில் வைப்பார்களாக.