காற்றுக்குக் கடிவாளமிட்ட ஆசிரியர்

காற்றைக் கண்ணாற் கண்டோர் ஒருவருமிலர். அதன் செயலை அறியாதோரும் ஒருவருமிலர். அது பாய்மரத்தை உந்தும், நெற்பொலியைத் தூற்றும், சினந்தெழுந்தால் பனையையும் வேரொடு சாய்க்கும். இத்துணை வலிமை வாய்ந்த காற்றை ஏவலாளாக அமர்த்திக்கொள்ள விரும்புவோர்க்கு இரண்டு இடர்ப்பாடுகள் உண்டு. அது வாராத நாளில் வேலை நடைபெறாது. அளவுகடந்து வரும் நாளில் யந்திரமே நில்லாது. இவ்விரண்டு இடர்ப்பாடுகளையும் நீக்கும் பொருட்டுத் தம் வாழ்நாளின் பிற்பகுதியை முற்றும் செலவிட்ட ஒரு பள்ளி ஆசிரியரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றேன். அவர் பெயர் பவுல் லா கூர். அவர் பிறந்த நாடு டென்மார்க்கு.

டென்மார்க்கு என்னும் சிறு நாடு தமிழ் மக்களுக்கு முற்றிலும் புதியதன்று. அந்நாட்டு மன்னர் அனுப்பிய சீகன்பால்கு ஐயர் 1706-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய செய்தியை நம் கல்லூரியில் அறியாதார் இரார். அத்தரங்கம்பாடியை டேனியர் 1845-ஆம் ஆண்டில் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். அதற்கு அடுத்த ஆண்டு, 1846 ஏப்ரல் மாதம் 13-ஆம் நாள், யூட்லந்துத் தீபகற்பத்தில் எபெல்தாஃப்டு என்னும் ஊரை அடுத்த பண்ணையொன்றில் லா கூர் பிறந்தார்.

கோபன்ஹேகன் பல்கலைக் கழகத்தில் இயற்கை நூல் பயின்று 1869-ஆம் ஆண்டில் தேறிய அவர், காற்றும் மழையும் இயங்கும் முறையை ஆராயும் வானிலை நூலில் பெரிதும் ஈடுபட்டார். 1872-ஆம் ஆண்டில் டென்மார்க்கு அரசினர் வானிலை ஆராய்ச்சி நிலையமொன்றை ஏற்படுத்தியபோது, இருபத்தாறே வயதினரான அவர் அதன் துணைத் தலைவர் பதவியைப் பெற்றார். காற்றை அளப்பதே தொழிலாக அமைந்தது. அக்காலத்திலேயே தந்தித் துறையிலும் அவர் கருத்துச் சென்றது. ஒரே கம்பியின் வழியாக ஒரே காலத்திற் பல செய்திகளை அனுப்புதற்கு இசைக்கவைகளின் அதிர்வைக் கருவியாகக் கொள்ளலாம் என்று கண்டார். அவ்வதிர்வுக்கு இயைந்து வேகம் மாறாமற் சுழலும் சக்கரமொன்றையும் அமைத்தார். கடல் கடந்த நாடுகளிலும் வேறு சிலர் அதே காலத்தில் அத்துறையில் உழைத்து வந்தமையால், அதன் புகழ் பலர்க்கும் பங்காயிற்று. ஆயினும், தலைநகரிலேயே தங்கியிருப்பின் பொருளும் பெருமையும் அவரைத் தேடி வந்திருக்கும் என்பதில் ஐயமில்லை.

அவரோ 1878-ஆம் ஆண்டில் தலைநகரை நீத்து, யூட்லந்தின் தென்பகுதியிலுள்ள அஸ்கோவ் என்னும் சிற்றூருக்கு ஆசிரியராகச் சென்றார். இதன் காரணத்தை உணர வேண்டின் அந்நாட்டின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். 1864-ஆம் ஆண்டுப் போரில் டென்மார்க்கு தோல்வியுற்றுத் தன் தென்னாட்டுப் பகுதிகளை இழந்தது. இழந்த நிலத்துக்கு ஈடாக மக்களின் அறிவை வளர்ப்பதே உய்யும் வழி என்று அந்நாட்டுப் பெரியோர் பலர் கருதினர். குருண்ட்விக் என்னும் சமயப் பெரியார் வகுத்த கொள்கையைப் பின்பற்றி, உழவர் வீட்டு இளைஞருக்கெனப் பொதுமக்கள் பள்ளிகள் பல தோன்றின. அவற்றிற் பரீட்சையும் பட்டமும் இல்லை. 1865-ஆம் ஆண்டில் எல்லையோரத்தில் தொடங்கப்பெற்ற அஸ்கோவ் பள்ளி அவற்றுள் தலைசிறந்தது. அங்குக் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் பணியை லா கூர் மேற்கொண்டார். ஒவ்வோர் உண்மையும் எக்காலத்தில், எவரால், எத்தேவை நோக்கிக் கண்டறியப்பட்டது என்னும் வரலாற்று முறையிலேயே அவர் பாடம் நடத்தினார். அம்முறையில் அவர் இயற்றிய கணித நூல் 1881-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

கிராமத்தில் வாழத் தொடங்கிய பின்னர் ஒரு குறை அவர் உள்ளத்தை உறுத்தியது. நீராவியும் மின்சாரமும் நகரங்களில் மட்டும் வளர்ந்தன. நகரத்துத் தெருக்களில் விளக்கு எரிய, கிராமத்து உழவன் இருளில் உழன்றான். அவன் பிள்ளைகள் ஊரை விட்டு நகரத்துக்கு ஓடினர். டென்மார்க்கில் நிலக்கரியில்லை, வீழ்ந்து பாயும் பேராறுகளுமில்லை. காற்றோ குறைவற உண்டு. அக்காற்றினால் டைனமோவைச் சுழற்றி மின்சாரம் ஆக்கலாகாதா என்று அவர் எண்ணினார். ஸ்காத்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்பாரும், அமெரிக்காவில் சார்லஸ் பிரஷ் என்பாரும் அவர்க்குச் சில ஆண்டுகள் முன்னரே அவ்வாறு செய்து சேமக்கலங்களை நிரப்பினர். ஆனால் அவர்கள் செய்தது தத்தம் இல்லத்து விளக்குகளுக்காக. லா கூர் கருதியதோ நாட்டிலுள்ள கிராமங்கள் அனைத்தையும். அரசினர் பொருளுதவி செய்ய, 1891-ஆம் ஆண்டில் அஸ்கோவில் அவருடைய முதற் சோதனைக் காற்றாலை எழுந்தது.

முதலில் அவர் தீர்க்க வேண்டியிருந்தது காற்றின் ஒழுங்கின்மை. காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் ஆற்றல் எண்மடங்காகும். எனவே மென்காற்றில் தளர்ந்து சுழலும் டைனமோ, திடீரென வீசும் வன்காற்றிற் கருகிப் போதலும் கூடும். இதனைத் தடுக்க லா கூர் ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை அமைத்தார். காற்றாலையிலிருந்து டைனமோவுக்குச் செல்லும் தோல்வாரின் இறுக்கத்தை ஓர் எடைக்கல் வரையறுத்து நிற்கும். சுமை அவ்வெல்லையைக் கடந்தவுடன் வார் வழுக்கும். மிகுதியான வேகம் டைனமோவைத் தாக்காது. எளிய கிராமக் கொல்லனும் செய்யத்தக்க கருவி அது. எளிமையே அதன் பெருமை.

இரண்டாவது இடர்ப்பாடு காற்றில்லாத நாள். அக்காலத்துச் சேமக்கலங்கள் விலை மிகுந்தவை. ஆகவே மின்சாரத்தை நீரிற் செலுத்தி, நீரை ஹைட்ரஜன், பிராணவாயு என்னும் இரு வாயுக்களாகப் பிரித்து, அவற்றைத் தொட்டியில் அடைத்து வைக்கும் முறையை அவர் கையாண்டார். 1895-ஆம் ஆண்டு முதல் 1902-ஆம் ஆண்டு வரை அஸ்கோவ் பள்ளியின் விளக்குகள் இவ்வாறு காற்றினின்றும் பிறந்த ஹைட்ரஜனாலேயே எரிந்தன. மாணவர் படிக்கும் விளக்கொளி முந்திய வாரத்துக் காற்று என்றால் அது மிகையாகாது.

ஆயினும் அவ்வொளிக்குக் கொடுத்த விலையும் உண்டு. ஹைட்ரஜனுடன் பிராணவாயு சிறிதளவு கலந்துவிட்டாலும் ஒரு பொறியில் வெடிக்கும். அவ்வாறு வெடித்தமையால் பள்ளிக் கட்டிடங்களின் பலகணிக் கண்ணாடிகள் ஒருமுறையன்று, பன்முறை நொறுங்கின. கற்பிக்க வந்த இடத்தில் மாணவரின் தலைமேற் கண்ணாடி சிதறுமாயின் ஆசிரியர் உள்ளம் என்ன பாடுபடும்! பிழை இதுவெனக் கண்டபின் அதனை மறைக்காமலும், தம் கருத்தைப் பிடிவாதமாகப் பற்றிக்கொள்ளாமலும் வேறு வழி தேடியதே அவருடைய பெருமையாகும். 1902-ஆம் ஆண்டில் அஸ்கோவ் ஊரார்க்கு மின்சாரம் வழங்கும் நிலையமாக அவருடைய காற்றாலை மாறியது. மின்சாரத்தைச் சேமக்கலங்களில் நிரப்பி வைத்தனர். காற்று ஓய்ந்தால் சேமக்கலத்து மின்சாரம் டைனமோவுக்குத் திரும்பிப் பாய்ந்து அதனை எதிராகச் சுழற்ற முற்படும். அக்கணமே இணைப்பைத் தானாகத் துண்டித்து, காற்று மீண்டும் எழும்போது இணைக்கும் சாவியொன்றையும் லா கூர் அமைத்தார்.

இதற்கிடையில் இறக்கைகளின் வடிவையும் அவர் ஆராய்ந்தார். விசிறியால் எழுப்பிய காற்றைக் குழாய் வழியே செலுத்தி, அதன் முன் சிறு இறக்கைகளை நிறுத்தி அளந்தார். இறக்கைகள் மிகுந்தால் ஆற்றல் மிகும் என்பது பலருடைய எண்ணம். அளந்து பார்த்ததில், விரைந்து சுழலும் சில இறக்கைகளே மெல்லச் சுழலும் பல இறக்கைகளினும் மின்சாரத்துக்கு ஏற்றவை என்பது புலனாயிற்று. முப்பந்தல் வழியாக நாகர்கோவிலுக்குச் செல்வோர் இன்று காணும் காற்றாலைகளுக்கு மூன்றே இறக்கைகள் இருத்தலை நோக்குக. அவ்வுண்மையை அளவையால் முதற்கண் நாட்டியவருள் லா கூர் ஒருவர்.

இத்துணையும் செய்த பின்னரும் அவர் மனம் அமைதியுறவில்லை. யந்திரம் நல்லதாயினும் அதனைக் காப்பவன் அறியாதவனாயின் கேடு விளையும் என்பதை உடைந்த கண்ணாடிகள் அவர்க்குக் கற்பித்திருந்தன. ஆதலின் 1903-ஆம் ஆண்டில் காற்று மின்சாரத்தை நாடெங்கும் பரப்ப ஒரு சங்கம் நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் கிராமத்து இளைஞரை மின்சாரத் தொழிலாளராகப் பயிற்றும் வகுப்புகள் அஸ்கோவில் நடைபெற்றன. உழவர் மக்கள் வந்து கற்றுத் தத்தம் ஊர்களுக்குத் திரும்பினர். நகரத்திலிருந்து ஒருவன் வந்து பழுது பார்க்கட்டும் என்று காத்திராமல், ஊரிலுள்ளவனே தன் ஊர் விளக்கைக் காக்க வேண்டும் என்பதே நோக்கம்.

அப்பயிற்சியின் அருமை இன்றும் குறைந்திலது. இக்காலத்தில் ஒருவர் தம் தோட்டத்திற் சிறு காற்றாலை ஒன்றை நாட்டிச் சேமக்கலத்தை நிரப்ப விரும்பினும், லா கூர் எதிர்ப்பட்ட அதே பகைகளையே எதிர்ப்பட வேண்டும். கம்பத்தைச் சூழ 300 அடிக்குள் உள்ள மரம், கூரை ஆகியவற்றினும் இறக்கையின் கீழ்நுனி 30 அடியேனும் உயர்ந்திருத்தல் நன்று. இன்றேல் சுழற்காற்று யந்திரத்தை அலைக்கழிக்கும். இழுகம்பிகளின் அடிக்கட்டு உறுதியாக இருத்தல் வேண்டும். கம்பத்தை ஏற்றும்போதும் இறக்கும்போதும் அது விழக்கூடிய எல்லைக்குள் ஒருவரும் நிற்றலாகாது. சுழலும் இறக்கையை நிறுத்திக் கட்டாமல் எவரும் மேலேறலாகாது. காற்று வீசும்போது சேமக்கலத்தின் இணைப்பைத் திடீரெனக் கழற்றினால், சுமையிழந்த யந்திரம் கட்டவிழ்ந்த குதிரைபோல் ஓடித் தன்னையே உடைத்துக்கொள்ளும். ஆதலால் மிகுந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள வேறொரு சுமை ஆயத்தமாக இருத்தல் வேண்டும். ஈயச் சேமக்கலம் நிரம்பும்போது வெளியிடும் வாயுவோ, அஸ்கோவில் கண்ணாடிகளை நொறுக்கிய அதே ஹைட்ரஜன்! அறையின் காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு கலந்தாலே அது தீப்பற்றும். எனவே சேமக்கல அறைக்கு நல்ல காற்றோட்டம் வேண்டும். அங்கு நெருப்பு ஆகாது. குறைந்த நீரை வாலை நீரால் நிரப்புதல், அமிலம் தெறியாமற் கண்களைக் காத்தல், சேமக்கலத்தின் அருகே கம்பியிற் ப்யூஸ் அமைத்தல், தளர்ந்த திருகுகளைப் பருவந்தோறும் முடுக்குதல் ஆகியன சிறு செயல்கள்போற் றோன்றும். ஆயினும் வீடு எரிவதும் எரியாததும் அச்சிறு செயல்களிலேயே அடங்கியுள்ளன.

தம் முயற்சி தழைத்து வருங்காலத்திலேயே, 1908-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள், அறுபத்திரண்டாம் வயதில் லா கூர் உயிர்நீத்தார். ஆனால் அவர் விதைத்த விதை மாளவில்லை. முதல் உலகப் போரில் எண்ணெய் அருகியபோது கிராமத்துக் காற்றாலைகளின் அருமையை டேனியர் நன்குணர்ந்தனர். 1918-ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஏறத்தாழ 120 கிராம மின்சார நிலையங்கள் காற்றாலையுடையனவாக இருந்தன.

அவரிடம் பயின்ற இளைஞருள் யோஹன்னஸ் யூல் என்பவர் ஒருவர். அவர் தம் முதுமையில், 1957-ஆம் ஆண்டளவில், கெட்ஸர் என்னும் கடற்கரையூரில் மூன்று இறக்கைகளையுடைய 200 கிலோவாட் காற்றாலையொன்றை நிறுவினார். காற்று அளவு மீறியபோது இறக்கைகளின் நுனிகள் தாமே திரும்பித் தடையாகி வேகத்தைக் குறைக்குமாறு அதனை அமைத்தார். ஆசிரியர் எடைக்கல்லாற் செய்த காவலை மாணவர் இறக்கை நுனியாற் செய்தார். அக்காற்றாலை பத்தாண்டுகள் வரை பெரும்பழுதின்றி ஓடிற்று. பிற்காலத்து டேனியக் காற்றாலைகளுக்கு அதுவே வழிகாட்டியாயிற்று.

ஓர் ஆசிரியரின் புகழ் அவர் நாட்டிய கம்பத்தின் உயரத்தில் இல்லை. இருளிலிருந்த ஊருக்கு ஒளி கொடுத்ததுடன் நில்லாமல், அவ்வொளியைக் காக்கும் கையையும் அவ்வூரிலேயே உண்டாக்கினாரே, அதுவே லா கூர் விட்டுச் சென்ற செல்வம். பட்டம் பெற்றவுடன் நகரத்தை நோக்கும் நம்மனோர், தலைநகரை விட்டுச் சிற்றூரை நாடிய இவ்வாசிரியரின் வாழ்வை ஒருகாற் சிந்திப்போமாக.