கடல் கடந்த கல்வியும் கரை திரும்பிய கடமையும்

ஒருவருக்குக் கிடைத்த உதவித்தொகை ஒரு சமுதாயத்தின் விடுதலைக்கே வித்தாகுமா? ஆகும் என்பதற்கு அண்ணல் டாக்டர் அம்பேத்கர் அவர்களின் வாழ்வே சான்றாகும். அவ்வாழ்வின் அப்பகுதியை மட்டும் இம்மலரின் வாயிலாக நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் படைமுகாமில் சுபேதார் இராம்ஜியின் மைந்தராக அண்ணல் தோன்றினார். பள்ளியில் கோணிப்பை விரித்துத் தனியே அமர்ந்து பயின்ற அவர், 1907இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதந்தோறும் வழங்கிய 25 ரூபாய் உபகாரச் சம்பளத்தைக் கொண்டு, பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, 1912இல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார்.

1913 பிப்ரவரியில் தந்தையார் காலமானார். அவ்வாண்டிலேயே மன்னர் அவரை அமெரிக்கா சென்று பயிலத் தேர்ந்தெடுத்தார். மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவி, படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் பணி, இதுவே ஒப்பந்தம். ஜூலைத் திங்களில் நியூயார்க் அடைந்து கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். ஜான் டூயி, செலிக்மன் போன்ற பேரறிஞர்களிடம் பாடம் கேட்டார். களியாட்டங்களை நாடாது நூலகத்தையே வீடாக்கிக் கொண்டார். சிக்கனமாய் வாழ்ந்து, மிஞ்சியதில் குடும்பத்திற்கும் அனுப்பினார். பழைய நூல்களையும் வாங்கிக் குவித்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். 1916இல் இந்தியச் சாதிகளின் தோற்றம் பற்றிய ஆய்வுரையை மாணவராகவே படைத்தார்.

பின்னர் இலண்டனில் பயில்கையில் உதவித்தொகைக் காலம் முடிவுற்றது. 1917இல் தாயகம் திரும்பினார். தனியே அனுப்பிய நூல்கள் போர்க்காலத் தாக்குதலில் கப்பலோடு மூழ்கின. பரோடாவிலோ, மேல்நாட்டுப் பட்டங்கள் பெற்ற அவ்வறிஞருக்குக் குடியிருக்க ஓர் அறை கிடைக்கவில்லை. அலுவலகப் பணியாளரும் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளைத் தூர நின்று எறிந்தனர். தங்கிய விடுதியினின்றும் விரட்டப்பட்டு, மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தார்.

இளைஞர்களே, இவ்விடத்தில் நாம் சற்றே நின்று சிந்திக்க வேண்டும். பட்டம் அவருடைய அறிவை உயர்த்தியதே அன்றி, ஊராரின் மனத்தை மாற்றவில்லை. ஆயினும் அவர் கல்வியை வெறுத்தாரில்லை. பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகிப் பணம் சேர்த்தார். கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும் நண்பர் ஒருவரின் கடனும் துணைநிற்க, 1920இல் மீண்டும் இலண்டன் சென்றார். பாரிஸ்டராகவும், 1923இல் டி.எஸ்சி. பட்டம் பெற்றவராகவும் உயர்ந்தார். அவ்வாண்டுகளில் பம்பாயில் வறுமையைத் தாங்கிக் குடும்பம் காத்த அன்னை இரமாபாயின் தியாகத்தை நாம் மறத்தலாகாது.

பெற்றதைத் தமக்கென அவர் பூட்டி வைக்கவில்லை. 1924இல் கல்வி பரப்பவும் மாணவர் விடுதிகள் அமைக்கவும் சபை கண்டார். 1945இல் மக்கள் கல்விக் கழகத்தையும், 1946இல் சித்தார்த்தா கல்லூரியையும் நிறுவினார். 1952இல் கொலம்பியா அவருக்குச் சிறப்பு டாக்டர் பட்டம் வழங்கிப் பெருமை கொண்டது. 1956இல் அவர் மறைந்தார்.

தாழ்த்தப்பட்ட மாணவர் அயல்நாடு சென்று பயில மத்திய அரசின் உதவித்தொகை 1950களிலேயே தொடங்கி இன்றும் உள்ளது. எனினும், விண்ணப்பிக்கும் நாள் கடந்த பின்னரே செய்தி அறிந்து கலங்கிய மாணவர்களை நம் ஆசிரியப் பணியில் பலமுறை கண்டிருக்கின்றோம். உயர்ந்தபின் ஊரைத் திரும்பிப் பாராதவர்களையும் கண்டிருக்கின்றோம். முன்னது அறியாமையால் வந்த இழப்பு. பின்னது நன்றி மறந்ததால் வந்த இழப்பு. சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மாணவரின் விண்ணப்பத்தையேனும் உரிய நாளில் நிரப்பிக் கொடுத்து உதவுவாராக. அண்ணலுக்கு நாம் எடுக்கும் சிலையினும் அது சிறந்த காணிக்கையாகும்.