நான் கண்ட நெப்போலியன்

நாட்டில் எது கெட்டாலும் நம் விடுதி உணவுக்கூடத்தில் ஒரு குரல் எழும். இதையெல்லாம் திருத்த ஓர் இராணுவத் தளபதி வரவேண்டும் என்று. அந்தக் குரல் பல நாள் என்னுடையதாகவே இருந்தது. பள்ளிப் பருவத்தில் கணக்கு நோட்டின் அட்டையில் நெப்போலியன் படத்தை ஒட்டி வைத்திருந்தவன் நான். ஆகவே அவன் கதையைச் சொல்ல எனக்குச் சிறிது உரிமை உண்டு.

1769 ஆகஸ்டு 15-இல், கார்சிகாத் தீவில் அவன் பிறந்தான். முந்திய ஆண்டுதான் அத்தீவு பிரான்சின் கைக்கு வந்திருந்தது. ஒன்பது வயதில் பிரெஞ்சு நாட்டு இராணுவப் பள்ளியில் சேர்ந்தான். தாய்மொழி வேறு, பேச்சிலோ தீவின் வாடை, உடன் பயின்றோர் எள்ளி நகைத்தனர். ஊரைவிட்டு வந்து வேற்றுமொழியினரிடையே பயிலும் நமக்கு அச்சிறுவனின் மனம் விளங்காதா? கணிதமே அவனுக்குத் துணையாயிற்று. 1785-இல் அவனைப் பரீட்சித்தவர், நம் பாடங்களில் அடிக்கடி தலைகாட்டும் லாப்லாஸ்! பதினாறு வயதில் பீரங்கிப் படையில் அதிகாரியானான்.

1789-இல் புரட்சி மூண்டது. குலத்தால் மூடிக்கிடந்த கதவுகள் திறமைக்குத் திறந்தன. தூலோன் துறைமுகத்தை மீட்ட போரில், பீரங்கிகளை எங்கே நிறுத்தவேண்டும் என்பதைக் கண்டு சொன்னான். 24 வயதில் பிரிகேடியர் ஜெனரல். இத்தாலியில் வெற்றிமேல் வெற்றி. 1798-இல் அறிஞர் பலரையும் உடனழைத்து எகிப்துக்குப் படையெடுத்தான். ஆனால் நெல்சன் அவனுடைய கப்பற்படையை அழித்துவிட்டார். மறு ஆண்டு, படையை அங்கேயே விட்டுவிட்டு அவன் மட்டும் சிலரோடு பிரான்சு திரும்பினான்.

அப்போது பிரான்சை ஐவர் குழு ஒன்று ஆண்டது. கருவூலம் காலி, மக்களுக்கோ சலிப்பு. ஐவருள் ஒருவரான சியேஸ், அரசியல் சட்டத்தை மாற்ற ஒரு வாளைத் தேடிக்கொண்டிருந்தார். வாள் கிடைத்தது, ஆனால் பிடித்தவர் கையில் அது நிற்கவில்லை.

1799 நவம்பர் 9. இல்லாத சதி ஒன்றைச் சொல்லி, சட்டமன்றங்கள் இரண்டையும் பாரிசுக்கு வெளியே சேன் குளூ அரண்மனைக்கு மாற்றினர். மறுநாள் ஐந்நூற்றுவர் மன்றத்துள் நெப்போலியன் நுழைந்தபோது உறுப்பினர் கொதித்தெழுந்தனர். போர்க்களத்தில் கலங்காதவன் அங்கே தடுமாறினான். வீரர்களே அவனை வெளியே கொண்டுவந்தனர். அவனைக் காப்பாற்றியவன், அம்மன்றத்தின் தலைவனாயிருந்த தம்பி லூசியன். உறுப்பினர் சிலர் கத்தியைக் காட்டி மன்றத்தை மிரட்டுவதாக அவன் படையினரிடம் சொன்னான். முரசு முழங்கத் துப்பாக்கிகள் உள்ளே புகுந்தன. மக்களின் பிரதிநிதிகள் சன்னல் வழியே குதித்தோடினர். அன்றிரவே, எஞ்சியவரைக் கூட்டி வைத்து, மூன்று கான்சல்கள் ஆள்வதென முடிவாயிற்று. விரைவில் நெப்போலியனே முதல் கான்சல்.

லாப்லாஸ் உள்துறை அமைச்சரானார். அறிவியல் மாணவர்கள் மகிழ வேண்டா. ஆறே வாரத்தில் அவர் நீக்கப்பட்டு அவ்விடத்தில் லூசியன் அமர்ந்தான். புதிய சட்டத்துக்கு மக்கள் வாக்கு எடுத்தனர். ஆதரவு 30,11,007, எதிர்ப்பு 1,562 என்று 1800-இல் அறிவித்தார்கள். உண்மையில் விழுந்த ஆதரவு ஏறக்குறைய அதில் பாதிதான் என்று, பழைய ஏடுகளை எண்ணிப் பார்த்த வரலாற்றாசிரியர் பின்னாளில் காட்டினர்.

நண்பர்களே, என் மனத்திலிருந்த படம் கிழிந்தது இங்கேதான். சோதனைக்கூடத்தில் ஓர் அளவையைத் திருத்தி எழுதினால் அவன் விஞ்ஞானியல்லன் என்று நாம் கற்கிறோம். நாட்டின் விருப்பத்தையே திருத்தி எழுதியவனை மாவீரன் என்று மட்டும் சொல்லி நிறுத்தலாமா?

அவன் நன்மை செய்யவில்லை என்பதன்று. 1804-இன் சிவில் சட்டம் அவன் பெயரால் இன்றும் அறியப்படுகிறது. ஆனால் பாரிசின் 73 செய்தித்தாள்களில் 60 ஒரே ஆணையில் மூடப்பட்டன. புரட்சி ஒழித்த அடிமை முறையை 1802-இல் குடியேற்ற நாடுகளில் அவன் மீட்டான். 1804-இல் பேரரசனாகவே முடிசூடினான். தவறென்று எடுத்துச் சொல்ல மன்றமோ ஏடோ எஞ்சாத நாட்டிலிருந்து 1812-இல் இலட்சக்கணக்கானோர் ருசியப் பனியை நோக்கி நடந்தனர், திரும்பியோர் சிலரே. 1815-இல் வாட்டர்லூ, 1821-இல் செயின்ட் எலினாத் தீவில் மரணம். தீவில் பிறந்தவன் தீவிலேயே முடிந்தான்.

உணவுக்கூடத்தில் அந்தக் குரல் இன்றும் எழுகிறது. நான் இப்போது ஒன்றே ஒன்று கேட்கிறேன்: தளபதி வரட்டும், பிறகு வாக்குகளை எண்ணப் போவது யார்?