பட்டியலில் விடுபட்ட எண்

1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டில் பிறந்த சீனிவாச இராமானுஜன் வளர்ந்தது கும்பகோணத்தில், சார்ங்கபாணி சந்நிதித் தெருவின் சிறு வீட்டில். தந்தை துணிக்கடையில் கணக்கர். காகிதம் விலை மிகுந்தது என்பதால் கற்பலகையில் கணக்கிட்டு, முழங்கையால் அழித்து, முடிவுகளை மட்டும் குறிப்பேட்டில் எழுதிவைத்தார். கணிதம் தவிர வேறெதிலும் மனம் செல்லாமையால் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகை பறிபோயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தோல்வியே. 1912இல் துறைமுகக் கழகத்தில் மாதம் முப்பது ரூபாய்க்கு எழுத்தரானார். மறு ஆண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதமும், 1914 மார்ச்சில் கப்பலேறியதும் பலரும் அறிந்த கதை.

அதிகம் பேசப்படாதது, போர்க்காலக் குளிரில், தம் உணவைத் தாமே சமைத்துக்கொண்டு அவர் எழுதிய ஒரு நெடுங்கட்டுரை. 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அறுபதுக்கு மேற்பட்ட பக்கங்களில் அது வெளிவந்தது. தனக்குச் சிறிய எந்த எண்ணையும்விட மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களே அதன் பொருள். பன்னிரண்டுக்கு ஆறு வகுத்திகள். அதற்குக் கீழுள்ள எதற்கும் அத்தனை இல்லை. இருபத்து நான்குக்கு எட்டு, அறுபதுக்குப் பன்னிரண்டு. பகா எண்களுக்கு நேர் எதிரான இனம் இது. எவரோடும் பங்கிட மறுப்பவை அவை. பங்கிட்டுத் தீராதவை இவை.

இவ்வெண்களை ஏறுவரிசையில் 102 வரை அவர் அட்டவணையிட்டார். கடைசியாக நிற்பது 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியைத் தாண்டிய இவ்வெண்ணைப் பிரித்தால் இரண்டு ஆறு முறையும், மூன்று நான்கு முறையும், ஐந்தும் ஏழும் இவ்விரு முறையும், பதினொன்று முதல் இருபத்து மூன்று வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொரு முறையும் வரும். பகா எண் பெரிதாகப் பெரிதாக அடுக்கு ஏறாது; படி இறங்கும், அல்லது அப்படியே நிற்கும். இந்த ஒழுங்கை நிறுவியவரும் அவரே. அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் 10080 வகுத்திகள். கணிப்பொறி இல்லாத காலத்துக் கைக்கணக்கு இது.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டுப்போயிற்று: 293318625600. வகுத்திகள் 5040. இதை இருபத்து மூன்றால் பெருக்கினால் கிடைப்பது, வேறெதுவுமன்று, அட்டவணையின் அதே கடைசி எண். மகனை எழுதியவர் தந்தையை எழுத மறந்தார். இக்குறையால் கட்டுரையின் தேற்றம் எதுவும் பழுதுபடவில்லை. பிழையே செய்யாத தெய்வப் பிறவியாக அவரைக் காட்ட விரும்புவோர் இதைச் சொல்வதில்லை. சொன்னால்தான் அந்த உழைப்பின் அளவு புலப்படும்.

எப்.ஏ. தேறாத அவருக்கு 1916 மார்ச்சில் இக்கட்டுரைக்காகவே கேம்பிரிட்ஜ் பட்டம் அளித்தது. ஆயினும் எழுதியது முழுவதும் அச்சேறவில்லை. கணிதக் கழகம் பணமுடையில் இருந்தது, பிற்பகுதி நிறுத்தப்பட்டது. 1917இல் நோய் பற்றியது. 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார்; 1919இல் தாயகம் திரும்பினார்; 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் மறைந்தார். வயது முப்பத்திரண்டு. நிறுத்தப்பட்ட பக்கங்கள் கையெழுத்துப் படியாகவே கிடந்தன. 1997இல் நிக்கோலா, ராபின் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர் இருவர் விளக்கக் குறிப்புகளோடு அவற்றைப் பதிப்பித்தனர். அவை வெளிவந்த ஆய்விதழின் பெயரும் இராமானுஜன்தான்.